தண்ணீர் தெளிக்காத மண்

ஜெர்சி சிட்டியில் நாங்கள் குடியிருந்த கட்டடத்துக்குப் பக்கத்தில் அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்த தமிழ்ப் பெண்மணி, வேலைக்குப் போகும் வழியில் அந்தப் பள்ளத்தின் ஓரம் நின்று, பாட்டில் தண்ணீரை மண்ணில் தெளித்து உற்றுப் பார்ப்பார். நாற்பது வயதிருக்கும். கழுத்து வெயிலில் கறுத்திருந்தது; ஆபீஸ் உடைக்குப் பொருந்தாத பழைய பூட்ஸ். வங்கியில் கம்ப்யூட்டர் வேலை. விடுமுறையை மட்டும் பிரான்சில் ஒரு குன்றின்மேல் கழிப்பார். ரோமானியர் வருவதற்கு முன் கௌல் இனத்தார் மதில் கட்டி வாழ்ந்த ஊரை அங்கே அகழ்கிறார்கள். இவர் சம்பளமில்லாத தொண்டர்.

"மண்ணுக்கு எதுக்கு தண்ணி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பிரான்சுல அந்த கௌல் ஆளுங்க வீடெல்லாம் மரம் சார். தூண் மக்கிப்போய் கறுப்பு வட்டமாத்தான் மிஞ்சும். காஞ்ச மண்ணுல அது தெரியாது. போன சம்மர்ல அங்க ஒரு பக்கம் முழுக்க அவசரத்துல தண்ணி தெளிக்காம சுரண்டிட்டேன். கடைசியில ஒரே ஒரு வட்டத்தோட அடி தெரிஞ்சுது. மாட்டிக்குவேன்னு பயந்துபோய் அதையும் சுரண்டிட்டேன்."

அந்தப் பக்கம் வீடுகளே இருந்ததில்லை என்று அந்த அகழாய்வை நடத்தும் புரொபசர் அறிக்கை எழுதிவிட்டார். அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறதாம்.

"இப்பவாவது போன் பண்ணி சொல்லிடுங்களேன்."

"சொல்லலாம் சார். எத்தனை வீடுன்னு கேட்பாரே, என்ன சொல்றது?"

அதற்குப் பிறகு லிஃப்டில் நான் நிற்பதைப் பார்த்தால் அவர் படியேறிப் போக ஆரம்பித்தார். போன் செய்திருக்கமாட்டார் என்று அதை வைத்துத்தான் நினைக்கிறேன்.