விழுத்தியதைச் சொன்ன மனிதர்

என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து, வைத்தியசாலையிலிருந்து வெள்ளவத்தை வீட்டுக்குக் கூட்டிவந்த முதல் கிழமையிலேயே தனியாக என்னால் முடியாது என்று விளங்கிவிட்டது. அவர் ஆறடி உயரம். வலக் கையும் காலும் வேலை செய்யவில்லை. பேச்சில் மிஞ்சியிருந்தது "ஓம்" என்ற ஒரே சொல். வேணும் என்றாலும் ஓம், வேண்டாம் என்றாலும் ஓம். குரல் ஏறினால் வேணும், இறங்கினால் வேண்டாம் என்று நான் பிரித்தெடுக்கப் பழகிக்கொண்டிருந்தேன். மகள் மெல்பேர்னில். நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. எனக்கும் முழங்கால் வலி.

வீட்டுக்குப் பராமரிப்பாளர் அனுப்பும் நிலையமொன்றுக்கு அழைத்தேன். "அஞ்சு வருஷ அனுபவம் உள்ள ஆள் மிஸ்" என்று உறுதியளித்தார்கள். வந்தவர் இஸ்திரி போட்ட சட்டையும் பிளாஸ்டிக் உறைக்குள் சான்றிதழ்களுமாக வந்தார். நல்ல மரியாதை. படுக்கவைத்து எதுவும் பருக்கக்கூடாது, புரையேறும் என்பதால் தண்ணீரைக்கூட அதற்கான தூள் கலந்து தடிப்பாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்று வந்தவுடனேயே சொன்னேன். தலையாட்டினார். அரை மணித்தியாலத்தில், சாய்ந்து படுத்திருந்தவரின் வாயில் தேத்தண்ணீரை ஊற்றிவிட்டார். இவர் இருமி, முகம் கறுத்து, மூச்சுக்குத் திணறினார்.

நிமிர்த்தி இருத்தி, மூச்சு சீரான பிறகு கேட்டேன்: "அஞ்சு வருஷமும் என்ன செய்தனீங்கள்?"

ஒரு முதியவருக்குத் துணையாக இருந்தாராம். அந்த முதியவர் தானே நடப்பார், தானே சாப்பிடுவார். "பேப்பர் வாசிச்சுக் காட்டினனான் மிஸ்."

அதுவும் அனுபவம்தான். ஆனால் எங்கள் வீட்டுக்குத் தேவையானது அதுவல்ல. மத்தியானமே அவரைத் திருப்பி அனுப்பினேன்.

அன்று பின்னேரம் சாப்பாட்டு மேசையில் இருந்து கேள்விகளை எழுதினேன். எத்தனை வருடம் என்று ஒரு கேள்வியும் இல்லை. கட்டிலிலிருந்து கதிரைக்கு எப்படி மாற்றுவீர்கள், செய்து காட்டுங்கள். இருமத் தொடங்கினால் முதலில் என்ன செய்வீர்கள்? வேலையில் நீங்கள் விட்ட பெரிய பிழை என்ன?

நேரில் கண்டு கதைத்த பிறகுதான் ஆளை எடுப்பேன் என்று நிலையத்துக்குச் சொன்னேன்.

"அப்பிடி ஒருத்தரும் கேக்கிறேல்லை மிஸ்."

"நான் கேக்கிறன்."

அந்தக் கிழமை மூன்று பேர் வந்து போனார்கள். கடைசிக் கேள்விக்கு மூவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: பிழையே விட்டதில்லை. நாலாவதாக வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். ஹட்டன் பக்கத்துக்காரர், கொட்டாஞ்சேனையில் அறை எடுத்திருந்தார். என்னோடு கதைக்க முதல் இவரின் இடப்பக்கமாகப் போய்க் குந்தியிருந்து, "ஐயா, உங்க கைய புடிச்சுப் பாக்கலாமா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றார் இவர், தாழ்ந்த குரலில்.

"சரிங்க ஐயா, வேணாம்னா பரவால்ல. அப்புறம் பாப்போம்."

எனக்குப் பல நாள் எடுத்த விஷயம் அது. இருந்தாலும் என் கேள்விகளை நான் விடவில்லை. பிழையைப் பற்றியும் கேட்டேன்.

"ஒருத்தர விழுத்திட்டேங்க. சக்கர நாற்காலிக்கு பிரேக் போட்டுட்டேன்னு நெனச்சு தூக்குனேன். போடல. அந்த ஐயாவுக்கு இடுப்பெலும்பு ஒடஞ்சு போச்சு. இப்ப பிரேக்க கையால தொட்டுப் பாக்காம யாரையும் எழுப்புறதில்லீங்க."

இவரின் தங்கை, என் மச்சாள், ஹெவ்லொக் டவுனிலிருந்து வந்து பக்கத்தில் இருந்தார். ஆள் படியிறங்கும்வரைதான் பொறுத்தார்.

"மச்சாள், உங்களுக்கென்ன விசரே? இடுப்பை உடைச்ச ஆளையோ அண்ணாவுக்கு வைக்கப்போறீங்கள்?"

"மற்ற மூண்டு பேரும் பிழையே விடேல்லை எண்டவை. அதை நம்பச் சொல்லுறீங்களோ?"

"ஏதும் நடந்தா?"

"நடந்தா நான் பதில் சொல்லுறன்."

சொல்லிவிட்டேனே தவிர, அவர் வாயால் கேட்டதை மட்டும் வைத்து முடிவெடுக்க நான் தயாரில்லை. மறுநாள் மச்சாளை இவரோடு இருக்கச் சொல்லிவிட்டு, அந்த மனிதரிடமே இடுப்பு உடைந்தவரின் வீட்டு விலாசம் கேட்டு, ஓட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். விழுந்தவரின் மகள் கதவைத் திறந்தார். தகப்பன் இப்போது உயிரோடு இல்லை.

"ஓம், அப்பா விழுந்தவர்தான்," என்றார் அவர். "நாங்கள் எல்லாரும் வேலையில. அவர்தான் அம்புலன்ஸுக்குக் கோல் எடுத்துப்போட்டு எனக்கும் எடுத்தவர். 'பிரேக் போடல, என் பிழை' எண்டு அவராத்தான் சொன்னவர். வழுக்கினது எண்டிருந்தா எங்களுக்குத் தெரியவே வந்திராது. நான் ஒரு மாசம் அவரோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை. அப்பாதான் அவரே வேணும் எண்டு நிண்டவர். பிறகு ரெண்டு வருஷம், கடைசிவரைக்கும் அவர்தான் பாத்தவர்."

"உங்கட வீட்டில இன்னொருத்தருக்குத் தேவை எண்டா, திரும்ப எடுப்பீங்களோ?"

அவர் சுவரிலிருந்த தகப்பனின் படத்தைப் பார்த்தார். "எடுப்பன்" என்றார். யோசித்துச் சொன்னதால்தான் அதை நம்பினேன்.

வீட்டுக்கு வந்து விழுந்த கதை உட்பட எல்லாவற்றையும் இவருக்குச் சொன்னேன். உடம்பு இவருடையது, மறைத்து முடிவெடுக்க எனக்கு மனம் வரவில்லை. என்னைப் பார்த்து "ஓம்" என்றார். இம்முறை குரல் ஏறியது.

திங்கட்கிழமை அந்த மனிதர் வேலைக்கு வந்தார். வேறொரு ஆண் தன்னைக் குளிப்பாட்டுவதை இவர் முதலில் விரும்பவில்லை. நான் குளிக்க வார்க்க, அவர் துவாயோடு வாசலில் நிற்பார். வற்புறுத்தவில்லை. ஐந்தாம் நாள் என் முழங்கால் மடிந்து நான் சுவரைப் பிடித்தபோது, இவரே இடக்கையை அவர் பக்கம் நீட்டினார்.

மூன்று மாதத்தில் இவர் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கினார். ஒருநாள் இடியப்பம் ஊட்டும்போது "போதும்" என்றார். அதைக் கேட்டு நானும் அந்த மனிதரும் சிரித்தோம், இவரும் சிரித்தார். மச்சாள் அதுவரை வராமலேயிருந்தார். பிறகு ஒரு சனிக்கிழமை வந்து அண்ணன் நிற்பதைப் பார்த்துவிட்டு, அந்த மனிதருக்குத் தானே தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். நாங்கள் பழையதைக் கதைக்கவில்லை.

தீபாவளிக்கு அந்த மனிதர் நாலு நாள் ஊருக்குப் போனார். போகுமுன் என் கால் எங்கே இருக்க வேண்டும், இவரின் இடுப்பை எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்று மூன்று தடவை செய்ய வைத்துப் பார்த்தார். அந்த நாலு நாளும் கட்டிலிலிருந்து கதிரைக்கும் கதிரையிலிருந்து கட்டிலுக்கும் இவரை நான் தனியாகவே மாற்றினேன்.