பிளாஸ்டிக் திரைக்குள் எர்மிலோ

உங்கள் சமையல் மேடையில் சிங்க் வைக்க ஓட்டை போட்டிருக்கிறார்களே, வெட்டும்போது பறந்த கல்தூசி எங்கே போனது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

கொஞ்சம் எர்மிலோவின் நெஞ்சுக்குள் போனது.

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வடபகுதியான பகோய்மாவில், மேடைக்கல் வெட்டும் பட்டறையில் அவன் வெட்டுபவன், நான் அளவெடுப்பவன். அவன் என் தங்கை ஒத்திலியாவின் புருஷன். மெக்சிகோவின் மிச்சோவகான் மாநிலத்திலிருந்து மீசை அரும்பும் வயதில் இங்கே வந்தவன். வாய் ஓயாது. ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் எங்கள் ஆட்கள் கால்பந்து ஆடும்போது ரேடியோக்காரனைப் போல வர்ணனை சொல்வான். கோல் விழுந்தால் அந்த ஒரு சொல்லை இழுத்துக்கொண்டே இருப்பான். ஆட்டக்காரர்கள் நடுக்கோட்டுக்குத் திரும்பும்வரை விடமாட்டான்.

நாங்கள் வெட்டுவது மலையைப் பிளந்து எடுத்த கல் அல்ல. குவார்ட்ஸ் என்ற படிகக்கல்லை மாவாக அரைத்து, பிசின் கலந்து, அழுத்திச் செய்த பலகை. கறை பிடிக்காது, கேட்ட நிறத்தில் கிடைக்கும். அதன் தூசியில் பெரும்பங்கு சிலிக்கா. நுரையீரலின் அடிவரை போய்விட்டால் திரும்பி வராது. இதை நான் நூலகத்தில் தேடிப் படித்தேன். முதலாளி ருட்டிலியோவுக்குத் தேடிப் படிக்கவே தேவையில்லை. பலகையோடு வரும் எச்சரிக்கை அட்டையைக் கிழித்துக் குப்பையில் போடுவதே அவர்தான். நல்ல முகமூடி வாங்கித் தரமாட்டார். பட்டறைக் குளிர்பெட்டியில் பால் வாங்கி வைப்பார்.

"குடிங்கடா, தூசியெல்லாம் அடிச்சுக்கிட்டுப் போயிடும்."

பெயிண்ட் அடிப்பவன், வெல்டிங் வைப்பவன், எங்கள் ஆட்கள் பலரும் நம்புவது இது.

"மச்சான், பால் வயித்துக்குப் போகுது. தூசி நுரையீரலுக்குப் போகுது. ரெண்டும் வேற வேற குழாய்," என்பேன்.

"வந்துட்டாருய்யா புரொபசரு! உனக்குப் பொறாமை. பால் குடிச்சு எப்படி வெள்ளையாயிட்டேன் பாரு," என்று எர்மிலோ தூசி அப்பிய கையை என் மூக்குக்கு நேராக நீட்டுவான். பட்டறையே சிரிக்கும்.

ஒரு வசந்தத்தில் நானும் அவனும் குன்றின்மேல் இருந்த ஒரு வீட்டுக்குப் போனோம். வீட்டுக்காரி லொரேன், "பளிங்கு மாதிரியே இருக்கணும், ஆனா ஒயின் கொட்டினாக் கறை தெரியக்கூடாது" என்று கேட்டு, சாம்பல் நரம்போடிய வெள்ளைப் பலகையைத் தேர்ந்தெடுத்தார். பலகையை ஒட்டி முடித்த பிறகுதான் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். நான் அளவெடுத்துப் போன பிறகு மனம் மாறி, அகலமான வேறொரு சிங்க் வாங்கியிருந்தார். ஓட்டை போதாது. பலகையைப் பெயர்த்தால் உடையும். இருந்த இடத்திலேயே வெட்டியாக வேண்டும்.

"தண்ணி ஊத்திக்கிட்டே வெட்டுறோம் மேடம். தூசி கிளம்பாது," என்றேன்.

"ஐயோ, தண்ணி வேணாங்க! மரத்தரை இப்பத்தான் போட்டிருக்கோம்."

முதலாளிக்குப் போன் செய்தேன். "அந்தம்மா சொல்றபடி செய்யி. ஊர்ல வேற ஆளே இல்லேன்னு நெனப்பா உனக்கு?"

சோபாவில் தூசி படியக்கூடாது என்று சமையலறையைச் சுற்றிப் பிளாஸ்டிக் திரை கட்டினோம். ஓரங்களை டேப் போட்டு ஒட்டினோம். எர்மிலோ மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளே போனான். கட்டிங் மெஷின் அலறியது. முதலில் அவன் குனிந்த தோள் நிழலாகத் தெரிந்தது. பிறகு தோளும் தெரியவில்லை. திரை முழுக்க வெள்ளை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து இருமல் மட்டும் வந்தது.

"அவருக்கு ஒண்ணுமில்லையே?" என்று லொரேன் பதறினார்.

"சூப்பரா இருக்கேன்னு சொல்லு!" என்று உள்ளேயிருந்து கத்தினான். அவர் நிம்மதியாகப் போய்ப் பியானோவின்மேல் துணி போர்த்தினார். எங்களுக்கு எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். கேட்கவேண்டியதைக் கேட்காதவர்.

அந்த ஒரு நாள் மட்டும் அவனைக் கெடுக்கவில்லை. அப்படிப்பட்ட நாட்களே அவன் பிழைப்பு.

அந்தக் கோடையில் பூங்காவில் ஒரு கோல் விழுந்தது. எர்மிலோ ஆரம்பித்தான். பாதியில் குரல் நின்றுபோயிற்று. "என்னடா, பேட்டரி தீந்துபோச்சா?" என்று எவனோ கத்த, எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே கம்பிவேலியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டான். பிறகொரு நாள் நானும் அவனும் பலகையின் இரு முனையையும் பிடித்துத் தூக்கிப் போகையில் பாரம் முழுக்க என் பக்கம் சாய்ந்தது.

"என்னாச்சு மச்சான்?"

"கால் வழுக்கிருச்சு."

தரை காய்ந்து கிடந்தது.

"எக்ஸ்ரே எடுத்துடலாம் வா."

"எடுத்தா என்ன தெரியும்? வேலை போயிடும், அதான் தெரியும்."

கடைசியில் ஒத்திலியாதான் இழுத்துப் போனாள். நானும் கூடப் போனேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். நுரையீரல் தழும்பேறி இறுகியிருக்கிறது, குணமாக்க மருந்து இல்லை, தூசியை விட்டு விலகினாலும் முற்றலாம், முற்றினால் வேறொருவர் நுரையீரலைத்தான் பொருத்த வேண்டும் என்றார்.

எர்மிலோ கவனமாகக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினான். "இனிமே எவ்வளவு பால் குடிக்கணும்னு கேளு."

இந்த முறை அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"எல்லாம் ஆண்டவன் சித்தம்ணே," என்று அழுதாள் தங்கை.

"ஆண்டவன் மேல போடாதே. அட்டையைக் கிழிச்சவனுக்குப் பேரு இருக்கு, விலாசம் இருக்கு," என்றேன்.

இப்படிப் பேசித் திரிந்ததற்காக ருட்டிலியோ என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு எர்மிலோ நுரையீரலுக்குக் காத்திருக்கிறான். அவனுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஒரு வாக்கியத்தை மூன்று துண்டாக்கிப் பேசுகிறான். அவன் இடத்தில் இப்போது அபுந்தியோ என்பவன் வெட்டுகிறான். அண்மையில்தான் அப்பனானவன், மூச்சு வாங்காமல் படியேறுகிறவன்.

ஆஸ்திரேலியா இந்தப் பலகையையே தடை செய்துவிட்டது. இங்கே கடை வாசலில் கூட்டம் குறையவில்லை. கேட்பவர் இருக்கும்வரை அபுந்தியோவின் கையில் மெஷின் இருக்கும். நீங்கள் ஆர்டர் கொடுத்திருந்தால் இன்றைக்கே போன் செய்து ரத்து செய்யுங்கள். மரம் போடுங்கள், எவர்சில்வர் போடுங்கள். ஏன் வேண்டாம் என்று கடைக்காரர் கேட்பார். மழுப்பாமல் காரணத்தைச் சொல்லுங்கள்.