அப்பா கரைத்து வைத்த மருந்து

"ஒங்கப்பன் கையெழுத்துப் போட்டு முடிக்கதுக்குள்ள கப்பல் வந்துட்டுப் போயிரும். அவன் மவ நீ, என் மிஷினுக்கு வைத்தியம் பாக்கப் போறியாக்கும்?" என்றார் அண்ணாச்சி. அந்தமானில் மாயாபந்தர் ஜெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற ஐஸ் கம்பெனியின் முதலாளி அவர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நான் அப்போதுதான் போர்ட் பிளேரில் வேதியியல் பட்டம் முடித்து ஊர் திரும்பியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் முழுதாக நுழைந்து வெளியே வந்த முதல் ஆள் நான்தான். அண்ணாச்சி சொன்னதற்கு அவருடைய ஐஸ் உடைக்கும் ஆட்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு நடுவில் நின்று அப்பாவும் சிரித்தார். அவர் அந்தக் கம்பெனியின் ஆபரேட்டர். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த மிஷினை ஓட்டுகிறவர். தன்னைப் பற்றிய கேலிக்கு முதலில் சிரித்துவிடுவது அவர் வழக்கம். நான் சிரிக்கவில்லை. "பாத்துட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன். எனக்குப் பெருமை அதிகம் என்று அம்மா சொல்வாள். அன்றைக்கு அது இருந்தது நல்லதுதான் என்று வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐஸ் கம்பெனியில் குளிரூட்டும் வாயு ஓடுகிற இரும்புக் குழாய்கள் சூடாகும். அவற்றின் மேல் தண்ணீரைப் பொழியவிட்டு, கீழே தொட்டியில் பிடித்து, மறுபடி மேலே ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கடல் காற்றில் உப்பு. இரண்டும் சேர்ந்து குழாய்களைத் தின்றுகொண்டிருந்தன. தொட்டித் தண்ணீர் கொதித்து ஆறிய தேநீர்போல இருக்கும். குழாய்களில் ஒட்டுப் போடாத இடமே இல்லை. நான் கொண்டுவந்தது ஒரு பாஸ்பேட் தூள். அதைக் கரைத்து அந்தத் தண்ணீரில் கொஞ்சம் ஊற்றினால் இரும்பின் மேல் மெல்லிய போர்வைபோலப் படியும், சுண்ணாம்பையும் கட்டியாக விடாது. ஒரு பிளாஸ்டிக் மக்கில் சிவப்புப் பெயின்ட்டால் கோடு போட்டு அப்பாவிடம் கொடுத்தேன். "தெனமும் காலைல புதுசா கரைச்சு, இந்தக் கோடு வரைக்கும் ஊத்துங்கப்பா" என்றேன். அப்பா மக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மழைக்காலம் நெருங்குவதற்குள் தொட்டியின் அடி தெரிய ஆரம்பித்தது. அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "ஏலே, உள்ள கெடக்க ஸ்பானர் தெரியுதுலா" என்றார். அதுதான் அவர் தந்த பாராட்டு. அப்பாவுக்கு அது போதவில்லை. ஐஸ் ஏற்ற வருகிற படகுக்காரர்கள் ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் தொட்டியைக் காட்டினார். வங்காளிகள், தெலுங்கர்கள், ராஞ்சிக்காரர்கள் எல்லோரிடமும் அவருடைய இந்தியில் ஒரே வாக்கியம்: "மேரி பேட்டி கா தவாய்." என் மகளின் மருந்து. எனக்குக் கூச்சமாக இருக்கும். கூடவே, இன்னும் இரண்டு பேரிடம் சொன்னால் என்ன என்றும் இருக்கும்.

அதே சமயத்தில் மெயின்லேண்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. அம்மா தயங்கினாள். அண்ணாச்சி, "மருந்த யாரு பாத்துக்கிடது?" என்று கேட்டார். அப்பா ஒரு வார்த்தைதான் சொன்னார்: "போகட்டும்." நான் கப்பலேறினேன். போன பிறகு அவர் செய்ததை நான் அப்போது அறியவில்லை.

எங்கள் தீவுக்காரர்களுக்கு ஒரு புத்தி உண்டு. கப்பல் வரும் என்று சொன்ன நாளில் வந்ததில்லை. அதனால் கிடைக்கும்போது வாங்கிச் சேர்த்து வைப்பதுதான் பிழைப்பு. அரிசி, வெங்காயம், சிமென்ட், சாவுக்கு வேண்டிய கோடித் துணி வரைக்கும் வீட்டில் இருக்கும். இன்னொன்றும் எங்களுக்குத் தெரியும். மழை தொடங்கினால் தூளாக இருப்பது எதுவும் தூளாக இருக்காது. உப்பு தண்ணீராகும், சிமென்ட் பாறையாகும், சோப்புத் தூளைச் சுத்தியால் உடைக்க வேண்டும். அப்பா இந்த இரண்டையும் சேர்த்து யோசித்திருக்கிறார். மகள் இல்லாத காலத்தில் அவள் மருந்து தீர்ந்துவிடக் கூடாது, மழையில் கல்லாகியும் விடக் கூடாது. ஆகவே மூட்டையில் இருந்த தூள் அத்தனையையும் ஒரே மூச்சில் கிணற்றுத் தண்ணீரில் கரைத்து, நீலக் கேன்களில் நிரப்பி, மூடியை ரப்பரால் இறுக்கி, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அடுக்கிவிட்டார். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். கேனைப் பார்க்கும்போதெல்லாம், "இனி பாப்பா நிம்மதியா படிக்கும்" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

விடுமுறைக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கியபோது முதலில் எதிர்ப்பட்டவர் படகுக்கார தாதா. வங்காளியில் தாதா என்றால் அண்ணன். கிழக்கு வங்காளத்திலிருந்து குடியேறிய குடும்பம், அப்பாவுக்குப் பழைய சிநேகிதர். டீக்கடையிலிருந்து சத்தமாகக் கேட்டார்: "அரே பிட்டியா, தேரா பாப் லால் லைன் பி நஹி தேக்தா கியா?" சிவப்புக் கோடுகூட உங்கப்பன் கண்ணுக்குத் தெரியாதா என்று. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். மீன் சீசனின் நடுவில் ஐஸ் கம்பெனியின் குழாய்கள் ஓட்டையாகி மிஷின் நின்றுவிட்டது. ஐஸ் இல்லாமல் அவர் பிடித்து வந்த சுர்மை, நம் வஞ்சிர மீன், முழுதும் ஜெட்டியிலேயே நாறி, கடலுக்கே திரும்பப் போனது. மருந்தால்தான் ஓட்டை விழுந்தது என்று எல்லோரும் கூடியபோது, அப்பா முன்னால் வந்து, மருந்து சரியான மருந்து, படிக்காத நான்தான் அளவு தெரியாமல் அதிகமாக ஊற்றிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அண்ணாச்சி அன்றே அவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டு, குழாய்களைச் சரிபண்ணி, வேறு ஆளை வைத்து மிஷினை ஓட்டுகிறார்.

வீட்டுக்கு வந்தேன். அப்பா பின்பக்கம் உட்கார்ந்து யாருடைய தோட்டத்துப் பாக்கையோ உரித்துக்கொண்டிருந்தார். மிஷின் எண்ணெய் இல்லாமல் அவர் கைகளை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"அளவு தப்பா ஊத்துனீங்களாப்பா?"

"ஆமாம்மா."

"கோடு போட்டுத்தானே குடுத்தேன்?"

"வயசாவுதுல்ல. கண்ணு மங்குது."

அம்மா உள்ளிருந்து குரல் கொடுத்தாள். "மங்குதாமே! அரிசில இருக்குற கல்லை நான் சோத்துல போட்டா பொறுக்கி வெளிய வைக்குறாரு, அந்தக் கண்ணு மங்குதாம். கேக்குறவ கேனச்சியா இருந்தா..."

"நீ சும்மா இரு" என்றார் அப்பா.

நான் கொட்டகைக்குப் போனேன். மீதிக் கேன்கள் இருந்தன. தகரத்தின் சூட்டில் தொட்டால் கை சுட்டது. ஒன்றைச் சாய்த்தேன். அடியில் சுண்ணாம்புக் குழம்புபோல வெள்ளையாக நகர்ந்தது. அந்த நொடியில் எல்லாம் தெரிந்துவிட்டது. அந்தப் பாஸ்பேட் தூளில் இருப்பவை சங்கிலி சங்கிலியான மூலக்கூறுகள். சங்கிலியாக இருக்கும்வரைதான் அது மருந்து. தண்ணீரில் கரைத்து வெயில் சூட்டில் நாள்கணக்கில் வைத்தால் சங்கிலி அறுந்து தனித்தனிக் கண்ணிகளாகும். தனிக் கண்ணி சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு சேறாகும். சேறு குழாயில் போய் ஒட்டும், ஒட்டிய இடத்துக்கு அடியில் இரும்பு சத்தமில்லாமல் குழிவிழும். இது என் பாடப் புத்தகத்தில் இருந்தது. இதை எழுதி நான் மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறேன். "புதுசா கரைச்சு ஊத்துங்க" என்று அப்பாவிடம் முறையைச் சொன்னேன். ஏன் புதிதாக என்று சொல்லவில்லை. சொல்ல மறந்தேன் என்றுகூட இல்லை. அவருக்கு எதற்கு அதெல்லாம் என்று தோன்றியிருந்தது. கையெழுத்துப் போட நேரமாகும் மனிதர் என்று அண்ணாச்சி சொன்னபோது எனக்குக் கோபம் வந்ததே, அதே கணக்கைத்தான் நானும் வேறு விதமாக, மரியாதையாகப் போட்டு வைத்திருந்தேன்.

திரும்பி வந்து சொன்னேன். "நீங்க ஊத்துன அளவு சரிதான்பா. கரைச்சு வெச்சதுதான் கெட்டுப்போச்சு. அது கெட்டுப்போகும்னு நான் சொல்லல. அண்ணாச்சிகிட்டப் போய்ச் சொல்லிடறேன்."

அப்பா பாக்கு உரிப்பதை நிறுத்தவில்லை. "சொல்லாத" என்றார். "கோடு வரைக்கும்தான் ஊத்துனேன்னு எனக்குத் தெரியாதா? நான் படிக்காதவன். நான் தப்பு பண்ணுனா ஜனம் சிரிச்சுட்டு மறந்துரும். படிச்ச பொண்ணு தப்பு பண்ணிருச்சுன்னா விட மாட்டான். பொண்ணப் படிக்க வெச்சா இதான் கதின்னு பக்கத்து வீட்டுப் பொண்ணையும் நிறுத்திருவான். என் பேரு போனா எத்தனை நாளு பேசுவான்? உன் பேரு நிக்கணும்."

அவமானம் என்பதைப் பற்றி நான் அதுவரை அறிந்திருந்தது, மற்றவர்கள் நமக்குச் செய்வது. கல்லூரியில் என் ஆங்கிலத்துக்குச் சிரித்தபோது, போர்ட் பிளேரில் பத்துபஸ்திப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படித்தபோது, அதெல்லாம் தெரியும். அதைப் பெருமையால் தாண்டிவிடலாம். இது வேறு. ஊரே ஒரு மனிதனைப் பார்த்துச் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பின் மேல் என் நல்ல பெயர் நின்றுகொண்டிருக்கிறது. அவர் தன் ஒரே கௌரவத்தை, அந்த மிஷினின் ஆபரேட்டர் என்பதை, எடுத்து எனக்குக் கீழே முட்டுக் கொடுத்திருக்கிறார். அந்த முட்டின் மேல் நின்றுகொண்டு எந்தப் பெருமையைப் பேசுவது? இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

மறுநாள் காலை ஒரு பழைய கேனையும், மெயின்லேண்டிலிருந்து கொண்டுவந்திருந்த பொட்டலத்தில் கொஞ்சம் புதிய தூளையும் எடுத்துக்கொண்டு ஐஸ் கம்பெனிக்குப் போனேன். படகுக்காரர்கள் ஐஸுக்காக நிற்கிற நேரம். தாதாவும் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். அண்ணாச்சி நம்பவில்லை. "அவன் தன் மேல போட்டான், நீ ஒம்மேல போடுத. அப்பனும் மவளும் மாத்தி மாத்திப் பழி சொமக்கியளோ? யாரு சொல்லுதத நம்ப?"

"யாரையும் நம்ப வேணாம் அண்ணாச்சி. அடுப்ப மட்டும் கொஞ்சம் குடுங்க."

டீ போடுகிற அடுப்பில் கிணற்றுத் தண்ணீரை இரண்டு பாத்திரத்தில் வைத்தேன். ஒன்றில் அப்போது கரைத்தது, ஒன்றில் கேனில் இருந்தது, அளவு ஒன்றே. சூடேறியதும் இரண்டு கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெயிலில் வைத்தேன். ஒன்றில் தண்ணீர் தெளிவாக நின்றது. மற்றது மெதுவாகக் கலங்கி வெளுத்தது.

"அதுல பால் கீல் ஊத்தினியா?" என்றார் அண்ணாச்சி. தாதா குனிந்து முகர்ந்து பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி இரண்டு டம்ளரையும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அப்ப அந்தக் கிறுக்கன் எதுக்குத் தான் செஞ்சேன்னு சொன்னான்?" என்று கேட்டார்.  என் முகத்தைப் பார்த்தவர் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "நாளைக்கு வரச் சொல்லு. புதுசா வந்தவனுக்கு வால்வு எது, வாசல் எதுன்னு தெரியல" என்றார்.

அப்பா மகிழ்வார் என்று நினைத்தேன். "ஒன்ன யாரு கேட்டா?" என்றார். அவர் சேர்த்து வைத்ததை நான் கொட்டிவிட்டேன். வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். என்னோடு பேசவில்லை. ஜெட்டியில் நான்கு பேர், "படிச்சும் என்ன பிரயோஜனம்" என்று பேசத்தான் செய்தார்கள். அவர் பயந்தது நடந்தது. எனக்கு அது வலித்தது. ஆனால் என்னுடைய வலியாக இருந்தது.

நான் கிளம்புகிற அன்று பஸ் நிறுத்தம்வரை பெட்டியைத் தூக்கி வந்தார். பஸ் வரத் தாமதமானது. சாலையைப் பார்த்துக்கொண்டே, "அது ஏன் வெள்ளையாச்சு?" என்று கேட்டார். நங்கூரச் சங்கிலியை உதாரணம் வைத்து முழுவதும் சொன்னேன், ஒன்றையும் விடாமல். கேட்டுவிட்டு, "சங்கிலி அறுந்தது சூட்டுனாலயா, நாளாச்சுன்னாலயா?" என்றார்.

"ரெண்டும்தான்பா. ஆனா நம்ம ஊரு சூட்டுக்கு எத்தனை நாள் தாங்கும்னு எனக்குத் தெரியல."

அவரிடம் நான் 'தெரியல' என்று சொன்னது அதுதான் முதல் முறை. "சரி, கண்டுபிடி" என்றார். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

என் ஆய்வுத் தலைப்பை மாற்றித் தரும்படி வழிகாட்டிப் பேராசிரியை மேடத்திடம் கேட்டேன், ஒப்புக்கொண்டார். கரைத்த மருந்து எங்கள் தீவுகளின் சூட்டில் எப்படி நீண்ட நாள் கெடாமலும், இரும்பை அரிக்க விடாமலும் இருக்கும் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் இப்போது என் வேலை. இந்த மாதக் கப்பலில் ஐஸ் கம்பெனிக்கு மூன்று கேன்கள் போயிருக்கின்றன. ஒன்றில் அப்பா செய்ததுபோலவே வெறும் கரைசல். மற்ற இரண்டிலும் சங்கிலி அறுவதைத் தாமதப்படுத்தக் கொஞ்சம் சலவைச் சோடா. அவற்றில் ஒன்றை வெறும் கரைசலோடு சேர்த்துத் தகரத்துக்கடியிலும், ஒன்றை நிழலில் மண்ணில் பாதி புதைத்தும் வைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் கொஞ்சம் கலந்த கிணற்றுத் தண்ணீரில் அப்பா தொங்கவிட்டுப் பார்க்க, நூல் கட்டிய இரும்புத் துண்டுகளும் கூடவே அனுப்பினேன். மூன்று கேன்களின் மேலும் தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறேன்: 'அடியில் வெள்ளை படிந்தால் ஊற்றாதீர்கள். தவறு தயாரித்தவளுடையது, அவளைக் கூப்பிடுங்கள்.' கீழே என் பெயரைப் படகுக்குப் பெயர் எழுதுகிற அளவுக்குப் பெரிதாக எழுதியிருக்கிறேன்.