கொர்பினியன் தலைமாட்டுக் குச்சி

நோட்புர்கா எங்கள் டிரோல் மலைக்காரிதான். மேல்பண்ணையிலிருந்து கொர்பினியனைக் கட்டிக்கொண்டு வந்தாள். வீட்டில் மாமியார் அஃப்ரா, வாசலில் பெரிய எல்டர் செடி. கோடையில் நோட்புர்கா அதன் வெள்ளைப் பூங்கொத்தை மாவில் தோய்த்துப் பொரிப்பாள். கறுத்த பழத்தைக் காய்ச்சிச் சாறெடுப்பாள்.

ஒரு வருஷம் சாறு புளித்துப் போச்சு. விருந்தாளிகள் எதிரில் கொர்பினியன் அவளிடம் ஒரு கிண்ணம் எல்டர் பச்சைக்காயை நீட்டினான். வேகாத காய் குடலைப் புரட்டும் என்று எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும்.

"தின்னுடி. பக்குவம் தெரியாதவளுக்குப் பச்சையே போதும்."

கிண்ணத்தை ஏந்திப் பிடித்தவள் அஃப்ரா. "எம்பையன் சொல்றான்ல, மிச்சம் வைக்காம முழுங்கு."

நோட்புர்கா முற்றத்தில் குப்புற விழுந்து வாந்தியெடுக்க, மேஜையே சிரித்தது.

பனி உருகும் சமயம் மரம் வெட்டப் போன கொர்பினியன், வெட்டின மரத்துக்கடியிலேயே நசுங்கிச் செத்தான். வீட்டு எல்டரில் சிலுவை செய்து புதுக்குழியின் தலைமாட்டில் நடுவது எங்கள் வழக்கம். துளிர்த்தால் ஆத்மா கரையேறியது. துளிர்க்காவிட்டால் நரகம்தான், ஊர் வாய் மூடாது. வெட்டித் தருவது பெண்டாட்டி. நடுவது குழிவெட்டுகிற நான். நோட்புர்கா தந்த சிலுவையைப் பிடித்ததும் பட்டை கழன்று கையோடு வந்தது.

"ஏம்மா, இது வெந்த குச்சியாச்சே."

"காலைலேருந்து சாறு காய்ச்சுற பானையில கெடந்துச்சு அண்ணே. நடுங்க."

நட்டேன். அவள் புருஷன், அவள் பானை.

அஃப்ரா தினமும் வாளி சுமந்து வந்து ஊற்றினாள். வேலியெல்லாம் பச்சை பிடித்தது, அது மட்டும் மொட்டையாய் நின்றது. மாதாகோவில் வாசலில் பெண்கள் கத்துவார்கள்: "அஃப்ரா, அங்க வெக்கை ஜாஸ்தி, இன்னும் ரெண்டு வாளி ஊத்து!"

ஒருநாள் கல்லறையிலேயே அஃப்ரா மருமகளின் காலைப் பிடித்தாள். "உண்மையச் சொல்லு. நல்ல குச்சியாத்தான வெட்டுன?"

"நம்ம வாசல் செடிதான் அத்தை. குச்சில என்ன குத்தம் இருக்கு?"

பானையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கிழவி நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். நோட்புர்கா வாளியை எடுத்துக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

இலை உதிரும்போது அஃப்ரா படுத்துவிட்டாள். அக்கம்பக்கத்தார் சுற்றி நின்றோம். "எனக்கும் பட்டுப்போன குச்சியே வைடி. எம்பையன் அங்க தனியா கெடக்கான். நானும் அங்கயே போறேன்."

"ஆகட்டும் அத்தை" என்று சொல்லித் தலையணையை ஏற்றி வைத்தாள்.

குழி மூடியதும் சிலுவையைக் கொண்டுவந்தாள். நல்ல பருமன், கணுவுக்குக் கணு மொட்டு.

"அந்தம்மா கேட்டது இது இல்லையே."

"தெரியும் அண்ணே. ஆழமா நடுங்க."

மூன்றாம் கோடையில் அது வெள்ளைவெளேரென்று பூத்தது. அம்மா மேலே, மகன் கீழே என்று ஊரே முடிவு கட்டியது. நோட்புர்கா கூடையோடு வந்து மாமியார் தலைமாட்டில் கொத்துக்கொத்தாய்ப் பறித்தாள்.

"மாவு கரைச்சு வச்சிருக்கேன். சாப்பிட வாங்க அண்ணே."