பின்னுக்கு மட்டும் ஒழுங்காக ஓடிய கார்

எழுதத் துணிந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். பழைய இன்ஜெக்சன் கார் வைத்திருக்கும் யாருக்காவது பயன்படும் என்று மனைவி ரீற்றா சொன்னதால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்குச் சிலாபத்திலிருந்து புறப்பட்டோம். அக்காவின் மகள் மெரினாவுக்கு மறுநாள் ஆலங்குடாவில் கல்யாணம். மாமாவின் காரில்தான் கோயிலுக்குப் போவேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். அது எண்பதுகளில் செய்த நீல நிற ஜப்பான் கார். கார்பரேற்றர் கிடையாது. உள்ளே போகும் காற்றை ஒரு பெட்டி அளக்கும். அந்த அளவைப் பார்த்துச் சின்னக் கணினி ஒன்று பெற்றோலை விடும். இதை வாங்கியபோது என்னைப் பார்த்துச் சிரிக்காத சொந்தக்காரி மெரினா ஒருத்திதான்.

பத்துளுஓயாப் பாலம்வரை கார் பாட்டுப் பாடிக்கொண்டு போனது. முந்தலைத் தாண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பிய பிறகு, அக்சிலேற்றரை அழுத்தும்போதெல்லாம் இருமத் தொடங்கியது. மதுரங்குளிச் சந்திக்கு வரும்போது சைக்கிள்காரர் எங்களை முந்தினார்.

ஜும்மாத் தொழுகை முடிந்து மெக்கானிக் பளீல் நானா சந்தியில் தன் கராஜைத் திறந்துகொண்டிருந்தார். எஞ்சினை நிற்கிற நிலையில் ஓட்டிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை.

"நிக்கிற காருக்கு வருத்தமில்ல அண்ணன். நடக்கச் சொன்னாத்தான் வருத்தம். எங்கட மச்சான் மாதிரி."

பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார். பெற்றோல் அழுத்தம் பார்த்தார். வயர்களை ஆட்டிப் பார்த்தார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

"காத்து அளக்கிற பெட்டி போயிட்டு போல. கொழும்புல இருந்து எடுப்பிக்கணும். திங்கக்கிழமைக்கு முந்தி ஏலா."

அந்த நேரம் பார்த்து, ரீற்றாவிடம் செய்தி கேட்டிருந்த அக்கா தொலைபேசியில் வந்தாள். "தம்பி, அத்தான் வேன் ஒண்டு பேசி வச்சிருக்கார். நாலு மணிக்குள்ள ஓமா இல்லையா சொல்லு. பிள்ளை வேன் வேணாமெண்டு அழுதுகொண்டு இருக்கு."

"கொஞ்சம் பொறுங்க அக்கா" என்றேன். வேறென்ன சொல்ல?

வேறொரு வாகனம் உள்ளே வர வேண்டியிருந்தது. பக்கத்துக் குறுகிய ஒழுங்கையில் நிற்கும் வேப்பமரத்தடிவரை காரைப் பின்னுக்கு எடுத்தேன். கராஜ் வாசலில் நின்ற ரீற்றா கையைக் காட்டினாள்.

"இங்க பாருங்க, பின்னுக்குப் போறப்ப ஒரு இருமலும் இல்லையே!"

மெதுவாகப் போனதால் அப்படி என்றேன். பளீல் நானா கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"இந்த அக்கா செல்றதையும் பாப்பம். இன்னொருக்கா பின்னுக்கு விடுங்க அண்ணன். நல்லா அமத்தி விடுங்க."

ஒழுங்கை நீளத்துக்கும் பின்னுக்கு ஓட்டினேன். பிறகு முன்னுக்கு. பிறகும் பின்னுக்கு. முன்னுக்கு இருமல், பின்னுக்குப் புதுக் கார். தேநீர்க் கடையில் இருந்தவர்கள் வெளியே வந்துவிட்டார்கள்.

"காக்கா, அப்படியே கல்யாணத்துக்கு விடுங்க! பின் சீட்டுல இருக்கிற பொண்ணு முந்திப் போய்ச் சேரும்!" என்று கல்யாணச் செய்தி கேட்டிருந்த ஒருவர் கத்தினார்.

எனக்குக் காது சுட்டது. ஆனால் அதற்குள் பளீல் நானா பொனற்றைத் திறந்து குனிந்துவிட்டார். ரப்பர் தாங்கிகளில் இருக்கும் எஞ்சின், முன்னுக்கு இழுக்கும்போது ஒரு பக்கம் சரியும். பின்னுக்கு இழுக்கும்போது மறுபக்கம். காற்றுப் பெட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் உண்டு. அதன் அடிப்பக்க மடிப்பில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. முன்னுக்குப் போனால் வெடிப்பு வாய் திறக்கிறது. அதனூடாகப் புகும் காற்று, பெட்டியின் கணக்கில் வராது. கணினி பெற்றோலைக் குறைத்து விடுகிறது. பின்னுக்குப் போனால் வாய் மூடிக்கொள்கிறது.

"பெட்டி பாவம்" என்றார் நானா. "நான்தான் பிழையா செல்லிட்டன்."

அந்தக் குழாய் புத்தளத்திலும் கிடையாது. சைக்கிள் ரியூபைப் பட்டியாக வெட்டி, இறுக்கிச் சுற்றி, இரண்டு கிளிப் போட்டார். சந்திவரை ஓட்டிப் பார்த்தோம். இருமல் இல்லை.

"நாளைக்குத் தாங்குமா நானா?"

"சூட்டுக்கு ரப்பர் என்ன செய்யும் எண்டு செல்ல ஏலா அண்ணன். வேகமா ஓட்டிடாதீங்க."

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. அக்காவுக்குத் தொலைபேசி அடித்து, "வேன் வேணாம்" என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. நானாவுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து, மிச்ச ரியூப் துண்டையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

பாலாவியில் கற்பிட்டி வீதிக்குத் திரும்பினோம். உப்பளங்களில் வெயில் சாய்ந்து கிடந்தது. நாற்பதுக்கு மேல் வேக முள்ளை ஏறவிடவில்லை. நுரைச்சோலையில் காற்றாலைகள் சுற்றுவதைப் பார்த்த பிறகுதான் தோளை இறக்கி உட்கார்ந்தேன். எங்கள் சிலாபத்தில் காற்று வந்து போகும். இங்கே அது குடியிருக்கிறது. கதவு, சேலை, பேச்சு எல்லாவற்றையும் இழுக்கிறது. அந்தக் காற்று எஞ்சினுக்கு நல்லது என்று ரீற்றா தானாகவே ஒரு கணக்குப் போட்டு என்னைச் சமாதானப்படுத்தினாள்.

ஐந்தே முக்காலுக்கு ஆலங்குடா. பொனற்றைத் திறந்து மெரினாவிடம் எல்லாவற்றையும் காட்டினேன். மறைக்க மனம் வரவில்லை.

அத்தான் எட்டிப் பார்த்தார். "ரியூப் சுத்தின காரிலயா பொண்ணு போறது?"

"உங்கட வலையில எத்தனை முடிச்சு அப்பா? மீன் படுதுதானே?" என்றாள் மெரினா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "நடுவழியில நிண்டா நடந்து போவம் மாமா. நீங்கள் ஏன் வேர்க்கிறீங்கள்?"

அன்று இரவு நன்றாக நித்திரை வந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மெரினாவைக் கோயில் வாசலில் இறக்கினேன். கார் எங்கும் நிற்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்த வேன் மணலில் புதைந்ததால் பூசை அரை மணித்தியாலம் பிந்தித் தொடங்கியது.