ஒரு மணிக்குத் தூங்கி எழும் எடைமேடை

ஜெனேவியேவ் ஏகப்பன் என்ற பெயரை ஒரே மூச்சில் முழுசாகச் சொல்லக்கூடியவர்கள் பழைய சைகோனான ஹோ சி மின் நகரத்தில் இரண்டே பேர்தான். ஒருவர் அவளைப் பெற்ற கப்ரியேல். மற்றவர் வரி அலுவலகத்துக் குமாஸ்தா. அவரும் தாளைப் பார்த்துத்தான் சொல்வார். மீதி ஊருக்கெல்லாம் அவள் ‘சி வீ’, அதாவது வீ அக்கா. அப்பாவை விட்டால் அவளைத் தமிழில் கூப்பிட அந்த ஊரில் இருந்தவர் சதாசிவம் ஒருவர். சென்னையிலிருந்து வந்தவர். பெயரின் பின்பாதி அவர் நாக்குக்கு வசப்படாததால் ‘ஜெனே’ என்று நிறுத்திக்கொண்டார். பின்பாதியைச் சொல்லாமல் விட்டதை ஒரு செல்லமாகவே அவள் எடுத்துக்கொண்டாள்.

1975-இல் ஆட்சி மாறி, அங்கே குடியேறியிருந்த பாண்டிச்சேரிக்காரர்களும் காரைக்கால்காரர்களும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியபோது கப்ரியேலும் பெட்டி கட்டினார். ஆனால் கூச்சி கிராமத்தில் இருந்த மாமியாரின் இரண்டு மாடுகளை யார் பார்ப்பது என்று வியட்நாமிய மனைவி கேட்டார். கப்ரியேல் மறுபடியும் பெட்டியை அவிழ்த்தார். அவர் வேலை பார்த்த வங்கி, பெயர்ப் பலகை உட்படக் காணாமல் போயிருந்தது. ‘பென் தான்’ சந்தைக்குப் பின்னால் ஒரு மேஜை போட்டு வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்க்க ஆரம்பித்தார். இரண்டு வருஷம் கழித்து ஜெனேவியேவ் பிறந்தாள். மாடுகள் அதற்கு முன்பே விலைபோய்விட்டன.

அவள் குழந்தைப் பருவம் வரிசையில் கழிந்தது. அரிசிக்குச் சீட்டு, மண்ணெண்ணெய்க்குச் சீட்டு, சட்டைத் துணிக்குச் சீட்டு. போன மாதத்துச் சீட்டை இந்த மாதம் நீட்டினால் கடைக்காரம்மா முகத்தைக்கூடப் பார்க்காமல் கையைத் தள்ளிவிடுவாள். பின்னாளில் கணினி வகுப்பில் ஓர் ஆசிரியர், டோக்கன் என்றால் என்ன, அது ஏன் காலாவதியாகிறது என்று பலகை நிறையப் படம் போட்டு விளக்கினார். சைகோனில் வளர்ந்தவர்களுக்கு இதற்கெல்லாம் படம் தேவையா என்று நினைத்துக்கொண்டு அவள் ஜன்னலைப் பார்த்திருந்தாள். படத்தைக் கொஞ்சம் பார்த்திருக்கலாம்.

நாற்பதைத் தாண்டிய வயதில் அவள் சொந்தமாக ஒரு நிறுவனம் நடத்தினாள். நிறுவனத்தில் அவள் ஒருத்தி. அட்டையில் ‘இயக்குநர்’ என்று போட்டிருந்தது; இயக்குநர் தன் காப்பியைத் தானே போட்டுக்கொள்வாள். சின்ன வேலைகளாகத்தான் வந்தன. மருந்துக் கடைக்குப் பில் போடும் நிரல், பல் மருத்துவருக்கு நேரம் குறிக்கும் நிரல். டான் சோன் நாட் விமான நிலையத்தை ஒட்டியிருந்த சரக்குக் கிடங்குக்குச் சதாசிவம் மேலாளராக வந்த பிறகுதான் முதல்முறையாகப் பெரிய வேலை ஒன்று அவள் வாசலுக்கு வந்தது.

விஷயம் இதுதான். ஒரு விமான நிறுவனம் தன் சரக்கையெல்லாம் அந்தக் கிடங்குக்குத் தரத் தயாராக இருந்தது. ஒரு நிபந்தனை போட்டது. பெட்டியின் எடையை மனிதக் கை எங்கேயும் தட்டச்சு செய்யக் கூடாது; எடைமேடையிலிருந்து எண் நேராகக் கணினிக்குப் போக வேண்டும், நடுவில் வேறு யாரும் புகுந்துவிட முடியாது என்பதை அவர்களுடைய தணிக்கையாளர் கண்ணால் பார்க்க வேண்டும். இதற்கு வெளிநாட்டில் தயாராக விற்கும் மென்பொருளை வாங்கலாம். இல்லையென்றால் ஜெனேவியேவிடம் எழுதி வாங்கலாம். சதாசிவம் தலைமையகத்தோடு மல்லுக்கட்டி அவளுக்கு ஒரு வாய்ப்பு வாங்கித் தந்திருந்தார். வெள்ளிக்கிழமைத் தணிக்கையில் தேறினால் கிடங்கின் எல்லா எடைமேடைகளிலும் அவள் நிரல் உட்காரும். தேறாவிட்டால் வெளிநாட்டு மென்பொருள்தான். அத்தோடும் போகாது. அந்த வட்டாரத்துக் கிடங்கு மேலாளர்கள் எல்லோரும் ஒரே கடையில்தான் காப்பி குடிப்பார்கள். அந்தக் கடையில் ஒருமுறை பெயர் கெட்டால் பழையபடி பல் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

எடைமேடையோடு இணைந்த கணினிக்குள் ஒரு சேவை நிரல் குடியிருந்தது. எடைமேடையின் பாஷை தெரிந்தது அது ஒன்றுக்குத்தான். வேறு எந்த நிரலுக்காவது எடை தெரிய வேண்டும், அல்லது மேடையைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்ப வேண்டும் என்றால், அதனிடம் போய் டோக்கனை நீட்ட வேண்டும். சேவை ஒவ்வொரு முறை விழித்தெழும்போதும் புதிதாக ஒரு டோக்கனை உண்டாக்கிக் கோப்பு ஒன்றில் எழுதிவைக்கும். அனுமதி பெற்றவர் மட்டுமே அந்தக் கோப்பைத் திறக்கலாம். ஜெனேவியேவின் நிரல் காலையில் எழுந்ததும் கோப்பைத் திறந்து, டோக்கனைப் படித்து, மனதில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கும். அழகாகத்தான் ஓடியது. மதியம்வரை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் பெட்டியை மேடையில் வைத்தால் திரையில் சிவப்பாக வரும்: அனுமதி இல்லை. நிரலை மூடித் திறந்தால் சரியாகிவிடும். மறுநாள் மதியம் மறுபடி அனுமதி இல்லை. சேவை நிரலின் குறிப்பேட்டைப் பார்த்தாள். தினமும் உச்சிப்பொழுதில் அது செத்துப் பிழைத்திருந்தது. குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். சேவையை எழுதியவர்களுக்குக் காட்டமாக ஒரு மின்னஞ்சல் போட்டாள்: உங்கள் நிரலுக்கு மதியமானால் மயக்கம் வருகிறது. எங்கள் நிரலுக்கு அப்படி எந்த வியாதியும் இல்லை என்று அவர்கள் மரியாதையாகப் பதில் போட்டார்கள். கிடங்கில் இருந்தவர்களைக் கேட்டாள். மதியத்தில் யாராவது எதையாவது தொடுகிறீர்களா? யாரும் எதையும் தொடுவதில்லை என்று எல்லோரும் சத்தியமாகச் சொன்னார்கள். அவர்கள் அறிந்தவரை அது உண்மைதான்.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன் சதாசிவம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“ஜெனே, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. அந்த சர்வீஸ்லயே ஒரு செட்டிங் இருக்காமே. டோக்கன் கேக்காம யாரு வந்தாலும் விட்ரும்னு சொல்றாங்க. நாளைக்கு ஒரு நாள் அதப் போட்டு வச்சிருவோம். ஆடிட் முடிஞ்சதும் பொறுமையா சரி பண்ணிக்கலாம்.”

“முடியாதுங்கண்ணே.”

“ஏன்மா? வெளி ஆளு யாரும் உள்ள வரப்போறதில்ல. எல்லாம் நம்ம கம்ப்யூட்டருக்குள்ளயே நடக்கறதுதானே?”

“அதே கம்ப்யூட்டர்ல சுமை தூக்குற பசங்க கரோக்கே போட்டு வச்சிருக்காங்க, தெரியுமில்ல? சர்வீஸுக்கு எம் புரோகிராம் யாரு, கரோக்கே யாருன்னு எப்படித் தெரியும்? டோக்கன் ஒண்ணுதான் அடையாளம். அத எடுத்துட்டா, பாட்டுப் பாடுறவன் தராசத் திருப்பி வைக்கலாம். பிளேன் பறக்கிறது அந்த நம்பர நம்பி. அப்பறம் எம் பேர அதுல போடாதீங்க.”

சதாசிவம் மின்விசிறியைக் கூட்டி வைத்தார். பிறகு, வெளிநாட்டுக் கம்பெனிக்காரனுக்கு அனுப்ப வேண்டிய சம்மதக் கடிதத்தைத் தட்டச்சு செய்து தயாராகவே வைத்திருப்பதாகச் சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை. பல் வலிக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

இங்கே ஜெனேவியேவின் ஒரு குணத்தைச் சொல்லியாக வேண்டும். அவள் மதியம் தூங்க மாட்டாள். அந்த ஊரில் மதியம் தூங்காதவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டம். சாப்பிட்ட கையோடு விளக்கை அணைத்து, மேஜைக்கடியிலிருந்து மடக்குக் கட்டிலை இழுத்துப் போட்டு, வங்கி அதிகாரி முதல் வாயிற்காவலர்வரை ஒரு மணிவரை கண்ணயர்வார்கள். அந்த நேரத்தில் தொலைபேசியில் கூப்பிடுகிறவன் ஒன்று வெளிநாட்டான், இல்லை பண்பில்லாதவன். கப்ரியேலின் கொள்கை வேறு. வங்கியில் வெள்ளைக்காரத் துரைகள் மதியம் குறட்டை விட்ட நேரத்தில் கணக்கைச் சரி பார்த்தவர்கள் நாம், தூங்கினால் நமக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்பார் அவர். மகள் அந்தப் பெருமையைச் சொத்தாக எடுத்துக்கொண்டாள். சாப்பாட்டு மணி அடித்ததும் கிடங்கிலிருந்து கிளம்பிக் காப்பிக் கடைக்குப் போய், ஊரே உறங்கும்போது தான் மட்டும் மடிக்கணினியோடு விழித்திருப்பாள். அதனால் கிடங்கின் மதியம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

அன்று போக்கிடம் தோன்றவில்லை. சதாசிவத்தின் அறையிலிருந்து நேராக எடைமேடைக்குப் போய் ஓர் அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்தாள். சுமை தூக்குபவர்களின் தலைவி துயெத், சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்து அவளைப் பார்த்து ஆச்சரியப்பட்டாள். சி வீக்கு இன்றைக்குத்தான் புத்தி வந்தது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி, தன் பாயில் பாதியை விட்டுக்கொடுத்தாள். விளக்குகள் அணைந்தன. பளு ஏற்றும் வண்டிகள் ஓய்ந்தன. பெட்டிகளுக்கு நடுவே கால்களும் தலைகளுமாக முப்பது பேர் சாய்ந்தார்கள்.

அந்த நிசப்தத்தில் எடைமேடை ‘பீப்’ என்றது. சும்மா இருக்கும்போது நானும் இருக்கிறேன் என்று அவ்வப்போது குரல் கொடுப்பது அதன் வழக்கம். இரண்டாவது பீப் வந்தது. துயெத் கண்ணைக்கூடத் திறக்காமல் ஒரு காலை நீட்டி, கட்டை விரலால் சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினாள். எடைமேடை இருண்டது. துயெத் புரண்டு படுத்தாள்.

ஜெனேவியேவ் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். மேடை அணைந்தால் சேவை விழும். ஒரு மணிக்குத் துயெத்தின் கட்டை விரல் மறுபடி நீளும். மேடை விழிக்கும், சேவை விழிக்கும், புது டோக்கன் பிறக்கும். அவள் நிரலோ காலைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றுகொண்டிருக்கும். போன மாதச் சீட்டை நீட்டித் தள்ளுப்பட்ட பெண் எழுதிய நிரல் அது.

எதையும் தொடவில்லை என்றீர்களே என்று ஒரு மணிக்குத் துயெத்தைக் கேட்டாள். துயெத்துக்குக் கேள்வியே விளங்கவில்லை. விளக்கை அணைக்கிறோம், செருப்பைக் கழற்றுகிறோம், இதையும் அணைக்கிறோம்; இதெல்லாம் தொடுவதில் சேர்த்தியா என்று திருப்பிக் கேட்டாள். ஜெனேவியேவுக்குக் கோபம் வரவில்லை. சேவையை எழுதியவர்களுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு வரி அனுப்பினாள். எழுதியதிலேயே கஷ்டமான வரி அதுதான்.

பிறகு நிரலைத் திருத்த உட்கார்ந்தாள். டோக்கன் மறுக்கப்பட்டால் கோபித்துக்கொள்ளாதே. கோப்பைத் திரும்பத் திற. புதுசு இருந்தால் எடுத்துக்கொண்டு போய் ஒரே ஒரு முறை கேள். அப்போதும் மறுத்தால் நின்றுவிடு, கதவை இடிக்காதே, ஆளைக் கூப்பிடு. எழுத எடுத்த நேரம் ஒரு காப்பி ஆறும் நேரம். அது தேவை என்று தெரிந்துகொள்ள எடுத்தது அவள் வாழ்நாளின் மதியங்கள் அத்தனையும்.

வெள்ளிக்கிழமை தணிக்கையாளர் வந்து சேர்ந்தபோது பதினொன்றரை. பாங்காக்கிலிருந்து வந்த அம்மையார்; சிரிப்பதைச் செலவாகக் கருதும் முகம். சதாசிவம் ஜெனேவியேவைத் தனியாக அழைத்து, இன்றைக்கு ஒரு நாள் யாரும் தூங்க வேண்டாம் என்று உத்தரவு போட்டுவிடுகிறேன் என்றார்.

“அந்த வேலையே வேணாங்கண்ணே. எல்லாரும் தூங்கட்டும். தராசயும் அணைக்கட்டும். அவங்க ஒரு மணிக்கு வந்து பாக்கட்டும்.”

“விளையாடறியா ஜெனே? தானா போயி வம்புல மாட்டணுமா?”

“தூங்காத ஊர்ல ஓடுற புரோகிராம யாரு வேணாலும் எழுதலாம். நான் இந்த ஊருக்கு எழுதியிருக்கேன்.”

சதாசிவம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அம்மையாரை நீளமான சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார். என்ன சாப்பிட்டார் என்று பிறகு அவருக்கே ஞாபகம் இல்லை.

ஒரு மணிக்கு விளக்குகள் எரிந்தன. துயெத் முடியை முடிந்துகொண்டே பொத்தானை அழுத்தினாள். அம்மையார் தன் கையாலேயே ஒரு பெட்டியை மேடையில் வைத்தார். திரை ஒரு கணம் யோசித்தது. பழைய டோக்கன் மறுக்கப்பட்டது, கோப்பு திறந்தது, புது டோக்கன் போனது. எடை பச்சையாக வந்து நின்றது. நடந்ததையெல்லாம் நிரலின் குறிப்பேட்டில் அம்மையார் நிதானமாகப் படித்தார். பிறகு மேடையை அணைத்துப் போடச் சொன்னார். மறுபடியும் பச்சை. அடுத்து, மேடையை இன்னொரு முறை அணைத்துப் போட்டு, கோப்பில் பிறந்த புது டோக்கனை அழித்துவிட்டு அந்த இடத்தில் எதையோ கிறுக்கச் சொன்னார். நிரல் ஒருமுறை கேட்டது, மறுபடி ஒருமுறை கேட்டது, நின்றது. உரிமையுள்ளவரைக் கூப்பிடவும் என்று வியட்நாமியத்திலும் ஆங்கிலத்திலும், யாருக்காக என்று தெரியாத தமிழிலும் திரையில் வந்தது.

கடைசியாக, அதே கணினியில் இருக்கும் வேறு ஏதாவது நிரலிலிருந்து தராசைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்ப முயன்று பாருங்கள் என்றார். சதாசிவமே முன்வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மேலாளர் என்ற முறையில் அவருக்கு எல்லாக் கடவுச்சொல்லும் தெரியும். தெரிந்ததையெல்லாம் தட்டினார். சேவை அவரைப் பார்த்துச் சொன்னது: அனுமதி இல்லை. மறுபடி தட்டினார். அனுமதி இல்லை. தன் சொந்தக் கிடங்கிலேயே தன்னை யாரும் உள்ளே விடவில்லை என்பதில் இவ்வளவு பூரித்துப்போன மேலாளரை அந்த அம்மையார் வேறு எங்கும் பார்த்திருக்க மாட்டார். அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. கையெழுத்துப் போட்டார்.

துயெத் கிடங்கெங்கும் போய், தணிக்கையில் தேறியது தாங்கள் தூங்கியதால்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மறுத்துப் பேச ஆதாரம் யாரிடமும் இல்லை.

சதாசிவம் சம்மதக் கடிதத்தைக் கணினியிலிருந்து நீக்கிவிட்டுச் சென்னைத் தலைமையகத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டார். அறை வாசலில் நின்ற ஜெனேவியேவுக்கு அவர் குரல் கேட்டது. எல்லாத் தராசுக்கும் அதே புரோகிராம்தான் சார், வெளியில வாங்க வேண்டியதே இல்ல. எழுதினது யாருன்னு நினைக்கிறீங்க, நம்ம ஊருப் பொண்ணு சார்.

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“எந்த ஊருண்ணே?”

சதாசிவம் தொலைபேசியின் வாய்ப்பகுதியைக் கையால் பொத்திக்கொண்டு விழித்தார்.

“சைகோன் பொண்ணுன்னு சொல்லுங்க. நல்லா கேக்கற மாதிரி.”

அவர் கையை எடுத்தார். சொன்னார். நல்லா கேக்கற மாதிரியே சொன்னார்.