அறுக்கிற கை யாருடையது
பந்தல்குடிப் பக்கம் பிளாட் போட இடம் வாங்கிய ஒருவர், குறுக்கே நின்ற ஐந்து பனைகளை அறுக்க என்னைக் கூப்பிட்டார். மரம் அறுப்பதுதான் என் தொழில். பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும். கேட்டேன்; அவரிடம் இல்லை.

"என் எடம், என் மரம். எது வந்தாலும் நான் பாத்துக்கிறேன்," என்றார்.

முன்பு ஒருவர் இதையே சொல்லி மரம் அறுக்க வைத்துவிட்டு, அதற்காக நான் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்த நாள் முழுக்க போனை எடுக்கவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மரம் அறுக்கிற மிஷினை அவர் கையில் கொடுத்தேன்.

"எடம் ஒங்களுது, மரம் ஒங்களுது. அறுக்குற கையும் ஒங்களுதாவே இருக்கட்டும். நான் ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கிறேன்."

நான் போனைத் தூக்கியதும் அவர் மிஷினைத் தரையில் வைத்துவிட்டு, யார் வீட்டுப் பொருளோ என்பதுபோலத் தள்ளி நின்றார்.